மணிக்கூண்டில் லிஃப்ட் இல்லை

என் மனைவி சொல்வதை நான் கேட்பதில்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்பாள். நான் நனைந்துகொண்டு வருவேன். நனைவதில் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. கொள்கை. கல்யாணமான நாளிலிருந்து கட்டிக் காத்து வருகிறேன். எத்தனையோ தடவை ஜலதோஷம் வந்திருக்கிறது. கொள்கை போனதில்லை.

எனக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. ஆயுசில் பாதியை மேலேயும் கீழேயும் போய்க் கழித்தவன். பக்கவாட்டில் போய்ப் பழக்கமில்லை. அதனால்தான் பிறந்து வளர்ந்த இந்த ஊரில் நான் பார்க்காத இடங்கள் நிறைய. அந்தக் கட்டடங்களில் எல்லாம் லிஃப்ட் கெட்டுப்போகவில்லை, நான் போகவில்லை.

சேர்ந்து கிடக்கிற இரண்டு வார லீவை இப்போதே எடுத்துத் தொலை, இல்லாவிட்டால் போய்விடும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வீட்டில் வந்து உட்கார்ந்தேன்.

என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். முன்னறை முழுக்க அவள் ராஜ்யம். அந்த வாரம் பட்டும் வெல்வெட்டுமாக ஜன்னலை மறைக்கும் உயரத்துக்குத் துணி குவிந்து கிடந்தது. ஏதோ பெரிய ஆர்டர், சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டுமாம். யாருக்கு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மதித்தது போல் ஆகிவிடும்.

திங்கட்கிழமை காலை உணவு வரைக்கும் ஓய்வெடுத்தேன். அதற்குமேல் கை சும்மா இருக்கவில்லை. சமையலறை அலமாரிக் கதவு சரியாக மூடவில்லை என்று அதைச் சரிசெய்தேன். பிரமாதமாக மூடிக்கொண்டது. பிறகு திறக்கத்தான் முடியவில்லை. சர்க்கரை டப்பா உள்ளேயே மாட்டிக்கொண்டது. அடுத்ததாக அவளுடைய தையல் மெஷினில் ஒரு சத்தம் கேட்டது. அவள் குளிக்கப் போன நேரத்தில் பெல்ட்டைக் கழற்றி இழுத்து மாட்டி, லிஃப்டுக்குப் போடுகிற எண்ணெயையும் ஊற்றி வைத்தேன். அவள் வந்து காலை வைத்ததும் மெஷின் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவள் காலை எடுப்பதற்குள் ஒரு கையைக் கழுத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டது. சட்டையின் கையைத்தான் சொல்கிறேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. சத்தம் போடுகிற லிஃப்டை நம்பலாம், சத்தமே இல்லாமல் நிற்கிறதைத்தான் நம்பக்கூடாது என்று தொழிலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் பாடம் எடுப்பேன். வீட்டில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

தையலைப் பிரித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, நம்ம ஊரைப் பார்க்க எங்கெங்கேயோ இருந்து வர்றாங்க. லீவுதானே, நீங்களும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன்."

"பிறந்த ஊரை வேடிக்கை பார்க்க நான் என்ன வெளியூர்க்காரனா? முடியாது."

"அதுவும் சரிதான். மணிக்கூண்டு எல்லாம் உங்களால ஏற முடியாது. அங்க லிஃப்ட் கிடையாதாம். பேசாம வீட்டுலயே இருங்க."

வீட்டிலேயே இரு என்று என்னிடம் சொல்லிவிட்டாள். ஷூவை மாட்டினேன்.

மணிக்கூண்டுப் படிகளைக் கட்டியவன் மனிதனை மனதில் வைத்துக் கட்டவில்லை. பாதிவழியில் என் முழங்கால் இரண்டும் ராஜினாமா கொடுத்தன. எனக்குப் பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் என்னை ஒரு தூண் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனது. வீம்பைத் தவிர வேறொன்றும் என்னை மேலே ஏற்றவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உச்சியில் நின்று பார்த்தபோது மனசு என்னவோ செய்தது. மற்றவர்கள் ஆற்றையும் பாலத்தையும் பார்த்தார்கள். நான் மொட்டை மாடிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் மேலும் சின்னதாக ஒரு சதுர அறை, லிஃப்ட் மெஷின் இருக்கிற அறை. துணி ஆலையின் அறை, பழைய ஆஸ்பத்திரியின் அறை, நான் முதல்முதலில் தனியாகப் பழுதுபார்த்த ஓட்டலின் அறை. இத்தனை வருஷமாக உள்ளே இருந்துதான் எனக்கு அவற்றைத் தெரியும். வெளியே இருந்து பார்ப்பது இதுதான் முதல்தடவை. இதை வீட்டில் சொல்லக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு இறங்கினேன்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சோபாவை விட்டு எழுந்திருக்காமல்தான்.

செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம். அங்கே போனால் நான் தூங்கிவிடுவேன் என்று எதிர்வீட்டு நர்ஸ் அக்காவிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. தூங்காமல் காட்டினேன். உடைந்த பானைகளிடம்கூட மரியாதையாக நின்றேன். கடைசி அறையில் அந்தக் காலத்துச் சரக்குத் தூக்கி ஒன்று வைத்திருந்தார்கள். கப்பியைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். காவலாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தொடக்கூடாது என்றார். நான் தொடவில்லை, குறைதான் சொல்கிறேன் என்றேன். அதற்கும் அனுமதி வேண்டும் என்றார். விளக்கை அணைக்கிற வரைக்கும் இருவரும் வாதாடினோம். நல்ல மனிதர்.

படகு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள். மறுநாளே ஆற்றில் இருந்தேன். ஊர் சுற்றப் போனவனுக்குத் தலை சுற்றியது. கரையில் இருந்த கட்டடங்களைப் பற்றி வழிகாட்டிப் பெண் என்னவோ சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வீட்டுக்கு வந்து, ஆறு அற்புதம் என்றேன். முகம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டாள். மரங்களின் நிழல் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இப்படியே ஓவியக் கூடம், பழைய கோட்டை, பூங்காவில் வாத்தியக்காரர்கள் கச்சேரி. அவள் வேண்டாம் என்ற ஓர் இடத்தையும் நான் விடவில்லை. காலையில் போனால் இருட்டுகிற நேரத்தில்தான் திரும்பினேன். நர்ஸ் அக்கா மாடிப்படியில் என்னைப் பார்த்து, இந்த வயதில் இவ்வளவு ஆர்வமா என்றாள். ஆர்வம் இல்லை அக்கா, எதிர்ப்பு என்றேன்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்குச் சதுக்கத்துல ராஜா காலத்து நாடகம் போடுறாங்க. நானும் அக்காவும் போறோம். நீங்க வராதீங்க. உங்களால ரெண்டு மணி நேரம் வாயை மூடிட்டு உட்கார முடியாது."

இதற்குமேல் ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியாது. சனிக்கிழமை அவர்கள் கிளம்பிப்போன பிறகு, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் போனேன். சதுக்கத்தில் கூட்டம் அலைமோதியது. பின்வரிசையில் ஒண்டிக்கொள்வது என் கொள்கைக்குப் பொருந்தாது. அவள் பார்வையில் படும்படி நேராக முன்வரிசைக்கு நடந்தேன்.

அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். ஒருபக்கம் நர்ஸ் அக்கா. இன்னொரு பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை. நான் அருகே போனதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது.

"நான் வருவேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நான்தான் வராதீங்கன்னு சொன்னேனே."

அதற்குள் திரை விலகியது. ராஜா வந்தார். அவர் தோளிலிருந்து வெல்வெட் அங்கி தரையில் புரண்டு வந்தது. பின்னால் ராணி, மந்திரி, சேனாதிபதி, தோழிகள். ஒவ்வொருவராக வர வர, கூட்டம் அந்த உடுப்புகளைப் பார்த்துக் கை தட்டியது. எங்கள் முன்னறையில் மலையாகக் கிடந்ததெல்லாம் எழுந்து நடந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் பார்த்தேன். அவள் கை தட்டவில்லை. ராணியின் பாவாடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தையல் நிற்கிறதா என்று. அவளுக்கும் சேர்த்து நானே தட்டினேன். கேட்டால் கொசு என்று சொல்லியிருப்பேன்.

இடைவேளையில் நாடகத்தை நடத்துகிறவர் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவையும் ஒரே வாரத்தில் தைக்க முடியாது என்று வேறு மூன்று தையல்காரர்கள் கைவிரித்துவிட்டார்களாம். நீங்கள் மட்டும் எப்படி முடித்தீர்கள் என்று கேட்டார்.

"வீடு அமைதியா இருந்துச்சுங்க," என்றாள் என் மனைவி. "இவர் ஊர் சுத்திப் பார்க்கப் போயிட்டாரு."

அவர் நன்றியோடு என் கையையும் பிடித்துக் குலுக்கினார். மணிக்கூண்டின் ஒவ்வொரு படியும் அப்போது என் முழங்காலில் மறுபடி ஏறியது. ஆனாலும் நான் அசரவில்லை. அவர் போனதும், நர்ஸ் அக்காவுக்கும் கேட்கிற மாதிரி அழுத்தமாகவே சொன்னேன்.

"நாளையிலேருந்து லீவு முடியிற வரைக்கும் நான் வீட்டை விட்டு ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன். யார் சொன்னாலும் சரி."

"தாராளமா இருங்க," என்றாள். "எனக்குத்தான் வேலை முடிஞ்சிடுச்சே."