ஒருநாளும் தவறாத தங்கசாமி

ராசிபுரம் நெய் வியாபாரி மருதாசலத்துக்குக் கோபம் வர நாள், நட்சத்திரம் பார்ப்பதில்லை. ஆனால் அன்றைக்கு வந்த கோபத்துக்கு முத்திரை குத்திய காரணம் ஒன்று இருந்தது. சேலம் ஸ்ரீ வித்யாவிருத்திக் கலாசாலையிலிருந்து கடிதம் வந்திருந்தது. மகன் தங்கசாமிதான் படித்துக் காட்டினான்.

"தங்கள் குமாரர் சிரஞ்சீவி தங்கசாமி, வரிசை எண் முப்பத்தொன்று, கடந்த இரண்டு வருஷ காலமாக மிகவும் ஒழுங்காக ஆஜராகாமல் இருந்து வருகிறார். ஆகவே ஐந்து தவணைச் சம்பளம் நூற்று அறுபது ரூபாய். வராத நானூறு நாளைக்கு நாள் ஒன்றுக்கு ஓரணா வீதம் அபராதம் இருபத்தைந்து. விளையாட்டு நிதி பன்னிரண்டு. கலாசாலைப் பத்திரிகைக்கு ஆறு. ஆக ரூபாய் இருநூற்று மூன்றைப் பதினைந்து தினங்களுக்குள் செலுத்தத் தவறினால், கோர்ட்டு மூலம் தங்கள் கடைச் சரக்கு ஜப்தி செய்யப்படும் என்பதை மிக்க அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. கடையில் நாற்பது டின் நெய், அத்தனையும் கடன் வாங்கிப் பிடித்துப் போட்டது. ஜப்தி என்று ஒரு சேவகன் வாசலில் வந்து நின்றால் போதும், கடன் கொடுத்தவர்கள் அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார்கள்.

"பன்னெண்டு ரூபாய்க்கு என்னடா வெளையாண்டே?"

"பந்தைக் கண்ணுலகூடப் பார்க்கலீங்க அப்பா. பதினேழு நாள் போனேன். அப்புறம் நின்னுட்டேனுங்களே!"

மருதாசலத்தின் பெண்சாதி ராமாயி உள்ளேயிருந்து சொன்னாள்: "படிக்காததுக்கே இத்தனை கேக்கறாங்க. படிச்சிருந்தா ஊட்டையே எழுதி வாங்கியிருப்பாங்களாட்ட இருக்குது."

தங்கசாமி காலேஜுக்குப் போன கதை சிறியது. அந்த வருஷம் ராசிபுரத்தில் வசதியான வீடு என்றால் ஒரு கிராமபோன் பெட்டியாவது ஒரு காலேஜ் பையனாவது இருக்க வேண்டும் என்று பேஷன் கிளம்பியிருந்தது. மருதாசலம் இரண்டுக்கும் விலை விசாரித்தார். பையன் மலிவாக இருந்தான்.

போன இடத்தில் தர்க்க சாஸ்திரம் என்று ஒரு பாடம். மனிதர் எல்லோரும் சாகக் கூடியவர்கள் என்பதை ஒரு வாத்தியார் மூன்று நாள் நிரூபித்தாராம். இது நம்மூர் வெட்டியானுக்கே தெரியுமே என்று தங்கசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வந்தவன் சேலம்–நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டரானான். நாளைக்கு நாலு தடவை அதே கலாசாலை வாசலைக் கடக்கிறான். ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் அந்த பஸ்ஸிலேயே மருதாசலம் சேலம் போனார். மகன் அப்பனிடம் டிக்கெட்டுக்குக் காசு கேட்டான். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

கலாசாலைத் தலைமைக் குமாஸ்தாவின் பெயர் அருணகிரி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

"எம்பையன் நின்னு ரெண்டு வருஷமாச்சுங்க," என்றார் மருதாசலம்.

"நின்றதாக விண்ணப்பம் இல்லையே?"

"ஆளே இல்லைங்களே, விண்ணப்பம் எதுக்குங்க?"

"இருப்பவருக்கு விண்ணப்பம் வேண்டாம். இல்லாதவருக்குத்தான் வேண்டும்."

"சரிங்க, இப்பவே யாரையாச்சும் எழுதச் சொல்லித் தாரேன்."

"தாங்கள் தரக் கூடாது. மாணவரே நேரில் தர வேண்டும். அதுவும், நூற்றுக்கு எழுபத்தைந்து நாளாவது வகுப்புக்கு வந்த மாணவரின் விண்ணப்பத்தைத்தான் விதிகளை அனுசரித்துப் பெற்றுக்கொள்ள முடியும்."

மருதாசலம் இதைத் தலைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அப்படின்னா, ஒழுங்கா வந்தாத்தான் நிக்கலாமுங்களா?"

"ஆம்."

"ஒழுங்கா வாரவன் எதுக்குங்க நிக்கறான்?"

"அதனால்தான் எங்கள் கலாசாலையில் இதுவரை ஒருவரும் நின்றதில்லை," என்றார் அருணகிரி பெருமையாக.

மருதாசலத்துக்குக் காது மடல் சிவந்தது. மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மைக்கூடு துள்ளியது.

"இந்தாங்க சாமி! எண்ணிப் பார்க்காம நான் எவனுக்கும் காசு கொடுத்ததில்லை. நானூறு நாளையும் எண்ணிக் காட்டுங்க!"

அருணகிரி எரிச்சலில் கைக்கு எட்டிய ரிஜிஸ்தரை இழுத்துப் பிரித்துப் போட்டார். மருதாசலத்துக்கு எழுத்து வராது. எண் வரும். முப்பத்தொன்றில் விரலை வைத்தார். அந்த வரிசை முழுக்க நேர் நேராகக் கோடுகள்.

"கோடுன்னா என்னங்க?"

"வந்தார் என்று அர்த்தம். வராவிட்டால் வட்டம்."

"எம்பையனுக்குப் பூராவும் கோடா இருக்குதுங்களே?"

அருணகிரி சடாரென்று ரிஜிஸ்தரை மூடினார். அது நீல அட்டை. "இது வேறு. சர்க்கார் மானியத்துக்கு. வருகிற பையன்களின் தலையை எண்ணித்தான் மானியம் தருகிறார்கள். ஆகவே இதில் எல்லோரும் வந்திருப்பார்கள். அபராதத்துக்குச் சிவப்பு அட்டை. அதில்தான் வட்டம்."

மருதாசலத்தின் கோபம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. படித்தவர்கள் இடம் என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர், இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"முன்னாடியே சொல்லப்படாதுங்களா! எங்க கடையிலயும் எடைக்கல்லு ரெண்டு உண்டுங்க. வாங்கறதுக்கு ஒண்ணு, விக்கறதுக்கு ஒண்ணு."

சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து அருணகிரியின் வலது கைமேல் விரித்தார். தம் கையையும் உள்ளே விட்டார். சந்தையில் மாடு விலை பேசுவது இப்படித்தான். மேலே துண்டு, உள்ளே விரல், ஒரு விரலுக்குப் பத்து ரூபாய், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

"இது கல்விக்கூடம்!" என்றது அருணகிரியின் வாய். கை இருந்த இடத்திலேயே இருந்தது. அவருடைய அப்பா திருச்செங்கோட்டுச் சந்தையில் மாட்டுத் தரகர்.

மருதாசலம் ஒரு விரலைப் பிடித்தார்.

"கலாசாலையின் விதிகள் மாற்ற முடியாதவை," என்றார் அருணகிரி, உள்ளே பத்து விரலுக்குக் கணக்குக் காட்டி.

"நாளைக்கு நாலு தடவை வாசலுக்கு வந்து போறானுங்க. எந்தப் பையன் நாலு தடவை வாரான்?" மருதாசலம் இரண்டு விரலில் நின்றார்.

"ஆட்சிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு தம்பிடிகூடக் குறைக்க..." ஆறு விரல் ஆயிற்று.

"நீலப் புத்தகம் இன்ஸ்பெக்டர் துரைக்குப் போகுமுங்களா? செவப்பை யாராச்சும் அவருக்குக் காட்டியிருக்கறாங்களா?"

அருணகிரி இடது கையால் நீல அட்டையை மேஜைக்கு அடியில் தள்ளினார். பிறகு விரல்களோடு பேச்சும் ஊருக்குத் திரும்பிற்று. "மூணரை விரலுங்க. தீபாவளிக்கு ஒரு டின்னு நெய்யி. அதுக்குக் கீழ எறங்கினா எனக்குக் கட்டாதுங்க மாமா."

துண்டு தோளுக்கு ஏறியது. முப்பத்தைந்து ரூபாய் சிவப்பில் ஏறியதா நீலத்தில் ஏறியதா என்று மருதாசலம் கேட்கவில்லை. மூன்றாவது புத்தகமும் இருக்கும், அது தொழில் ரகசியம். நாற்பது டின்னில் ஒன்று போக முப்பத்தொன்பது தப்பியது.

சிவப்பு ரிஜிஸ்தரிலிருந்து முப்பத்தொன்றை அடித்துவிட்டார்கள். நீலத்தில் அடிக்க முடியாது, மானியம் போய்விடும். அதனால் தங்கசாமி நீலத்தில் மட்டும் தொடர்ந்து படித்தான்.

மாசி மாதம் பரிசளிப்பு விழா. இன்ஸ்பெக்டர் துரை நீல ரிஜிஸ்தரைப் புரட்டினார். மற்றப் பையன்கள் நிஜமாகவே வந்து போகிறவர்கள், வராத நாள் பளிச்சென்று தெரிந்துவிடும் என்பதால் அவர்களுடைய காய்ச்சலும் மாமன் வீட்டுக் கலியாணமும் நீலத்திலும் வட்டமாக ஏறியிருந்தன. இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தவறாதவன் ஒரே ஒருவன்தான். பெயரை வாசித்தார்கள்.

அருணகிரி முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தபடி வாசலில் பஸ் நின்றது. தங்கசாமி டிக்கெட் பையோடு மேடைக்கு ஓடி வந்தான். வெள்ளிக் கிண்ணத்தை வாங்கினான். வெளியே டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். வந்த வேகத்தில் திரும்பி ஓடினான்.

"என்ன அவசரம் அந்தப் பையனுக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு நிமிஷத்தையும் வீணாக்காத மாணவர், ஐயா," என்றார் அருணகிரி.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மருதாசலத்துக்கு நெஞ்சு விம்மிக் கண்ணீர் வந்துவிட்டது. "எம்பையன் எத்தனை ஒழுங்குங்க!" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். சொன்னபோது அதை நம்பவும் செய்தார்.

வெள்ளிக் கிண்ணம் கடையில் தராசுக்கு மேலே ஏறியது. நாமக்கல்லிலிருந்து இரண்டு பெண் வீட்டார் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். விஷயம் ஊரெல்லாம் பரவியது.

அடுத்த ஆனி மாதம் கலாசாலை திறந்தது. ராசிபுரத்திலிருந்து பன்னிரண்டு தகப்பன்மார்கள் தங்கசாமியின் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தலைக்கு இரண்டு ரூபாய் தரகு பேசிக்கொண்டு மருதாசலம் முன்னால் நடந்தார்.

"மாணவர்கள் எங்கே?" என்றார் அருணகிரி.

"அவங்க எதுக்குங்க?" என்றார் மருதாசலம். "வந்தா ஆஜர் கெட்டுப் போகுமுங்களே!"

பன்னிரண்டு தோளிலிருந்தும் பன்னிரண்டு துண்டுகள் இறங்கின. அருணகிரிக்கு இருந்தது இரண்டே கை. சத்தம் கேட்டுக் கலாசாலைத் தலைவர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். துண்டுகளைப் பார்த்தார். உள்ளே போய்க் கோட்டைக் கழற்றிச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.