ஓரங்குல எழுத்து

பாறசாலை
27 அக்டோபர் 1999

மதிப்பிற்குரிய நாகர்கோவில் பதிப்பின் ஆசிரியர் அவர்களுக்கு, பாறசாலைச் செய்தியாளர் வேலாயுதன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும், செய்தி மேசையில் உள்ளவர்களும், மழையில் ஒழுகும் அந்தக் கூரையும் நலமென நம்புகிறேன்.

என் கணினித் திரையில் எழுத்துகள் இப்போது ஓரங்குல உயரம் உள்ளன. இன்று காலை தையல் நாடாவால் அளந்து இதை உறுதி செய்தவர் என் மனைவி அம்மிணி. ஆகவே தாங்கள் கேட்ட விளக்கத்தை அளிக்கவும், நவம்பர் முதல் வழக்கம்போலச் செய்தி அனுப்பவும் தயாராக இருக்கிறேன். பிரிண்டர் ரிப்பன் காய்ந்துவிட்டதால் நான் சொல்லச் சொல்ல அம்மிணி எழுதுகிறாள். கையெழுத்து அவளுடையது, பொறுப்பு என்னுடையது.

குற்றம் தாங்கள் அறிந்ததே. வேளாண் கண்காட்சியில் ஏத்தன் வாழைக்குலைக்கு முதல் பரிசு பெற்ற குளத்தூர் செல்லையனுக்கு அதிகாரிகள் பொன்னாடை போர்த்தினர் என்றும், அன்னாரது உடல் ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்படும் என்றும் நம் பத்திரிகையில் வந்தது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அமரவிளை பொன்னப்பன் மறைவுச் செய்தியின் கடைசி வரி.

"உமக்குக் கண் சரியாகத் தெரிகிறதா?" என்று தாங்கள் தொலைபேசியில் கேட்டீர்கள். கண்ணில் குறையில்லை. குறை திரையில் இருந்தது.

தனுவச்சபுரத்தில் கணினி மையம் வைத்திருக்கும் ஈசாக், கணினி இதழ் ஒன்றோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து என் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டுத் தந்தார். இதில் எதை வேண்டுமானாலும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம், நிறம், எழுத்து, திரையில் திறக்கும் சன்னலின் விளிம்பு, அம்புக்குறி, ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்றார். முதலில் பின்புலத்தைக் கறுப்பாக்கி எழுத்தை மஞ்சளாக்கினோம். போதவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினோம். இந்தத் தமிழ் எழுத்து சிறு கட்டங்களால் ஆனதாம், இழுத்துப் பெரிதாக்கியதும் 'அ' பழைய கிணற்றுப் படி மாதிரி உடைந்து உடைந்து நின்றது, நின்றாலும் தெரிந்தது, அது போதும் என்றேன். அம்புக்குறி எங்கே போச்சுதென்று தேடியே பொழுது போனதால் அதைக் காக்கை அளவுக்கு ஆக்கினார், அது எழுத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுத்தை மறைத்தது. சன்னல் திறந்தால் நான் அறிய வேண்டுமே என்று ஒரு மணியோசை வைத்தார், அதைக் கேட்டு அம்மிணி ஐஸ்காரன் வந்தானென்று இரண்டு நாள் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். கடைசியில், திரையைவிடப் பெரிய மேசைப்பரப்பு ஒன்றை அமைத்தார். சுட்டியை ஓரத்துக்குத் தள்ளினால் பரப்பு நகர்ந்து மீதியைக் காட்டும். திரைக் கண்ணாடிக்குள் இரண்டு சொல் இருக்கும், மிச்ச வாக்கியம் வெளியே எங்கேயோ கெடக்கும். இன்னும் பெரிசாக்க முடியுமா என்று கேட்டேன்.

"சாரே, இதுக்கு மேல வேணும்னா செவத்துலதான் எழுதணும்," என்றார் ஈசாக்.

வினை வந்தது சுட்டியின் நடுப் பொத்தானால். ஒரு வரியைச் சுட்டியால் தேய்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு நடுப் பொத்தானை அழுத்தினால், அம்பு எங்கே நிற்கிறதோ அங்கே அந்த வரி ஒட்டிக்கொள்ளும். பொன்னப்பன் செய்தியின் கீழே ஒட்ட நினைத்தேன். அம்பு கண்ணாடிக்கு வெளியே செல்லையன் செய்தியில் நின்றிருக்கிறது.

பதினேழாம் தேதி ஞாயிறு காலை எட்டரைக்குச் செல்லையனே பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அந்தப் பொன்னாடை. களியக்காவிளையிலிருந்து மச்சினன் மலர்வளையத்தோடு வந்து வாசலில் நிற்கிறான், திருப்பிக் கொண்டுபோக மாட்டேன் என்கிறான் என்றார். கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எலே வேலாயுதா, பத்து மணிக்கு எனக்க அடக்கமாக்கும். அதுக்கு முன்ன ஒரு சாயா தா."

குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் போலும். பிறகு, "குலை நல்லாத்தான் இருந்துது, மக்கா. அத எழுதினதுக்கு சந்தோசம் உண்டு," என்று சொல்லி என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். அவர் புகார் எழுதித் தரமாட்டார். திருத்தம் மட்டும் போட வேண்டும்.

இப்போது எல்லாம் ஒழுங்காகிவிட்டது. நடுப் பொத்தானின் வேலையை ஈசாக் நிறுத்திவிட்டார். இதைச் சொல்லும் இந்த நேரத்தில் கறுப்பின் மேல் மஞ்சளாக ஒவ்வொரு எழுத்தும் என் எதிரே தெரிகிறது. திருத்தத்தை நானே தட்டச்சு செய்து, திரையைப் பார்த்து வாசித்தேன்; அம்மிணி ஒரு பிழையும் சொல்லவில்லை. நான் வாசிக்க அம்மிணி எழுதிய அந்தத் தனித்தாளை இணைத்துள்ளேன். இருபத்தாறு ஆண்டு இந்த மாநில எல்லையில் ஒரு மரணத்தையும் இருமுறை விசாரிக்காமல் நான் எழுதியதில்லை என்பதைத் தாங்கள் கருத வேண்டும். என்னைத் தொடர அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் இல்லத்தார்க்கு என் அன்பு. தங்கள் பிள்ளைகள் படித்து முன்னுக்கு வரட்டும்.

என்றும் தங்கள்,
வேலாயுதன்

பின்குறிப்பு: இது அவர் சொன்னதல்ல. அவர் குளிக்கப் போயிருக்கிறார். மேலே உள்ளதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன்.

போன வியாழக்கிழமை இடியில் கணினியின் திரைப்பெட்டி போய்விட்டது. கீழே உள்ள பெட்டி மட்டும் ஓடும், இரைச்சல் கேட்கும். ஆறு நாளாக அவர் அதன் முன்னால்தான் உட்காருகிறார். நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இன்று காலை, "எழுத்து எவ்வளவு உண்டு, அளந்து சொல்லு," என்றார். கறுத்துக் கிடந்த கண்ணாடியில் நாடாவை வைத்து ஓரங்குலம் என்று சொன்னேன். "அதான் இவ்வளவு தெளிவா இருக்கு," என்றார். திருத்தத்தை மனத்திலிருந்தே வாசித்தார். பிழை இல்லை என்பது உண்மை.

வலது கண் முழுதும் போயிற்று. நரம்பு பட்டுப்போனது, திரும்பாது என்று திருவனந்தபுரம் கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திரைப்பெட்டியைச் சனிக்கிழமை சரிசெய்து தருவதாக ஈசாக் சொல்லியிருக்கிறார். இடது கண்ணைப் பற்றி நவம்பர் எட்டாம் தேதி சொல்வார்கள். அதுவரை செய்தியாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்காதிருங்கள்.

அம்மிணி