இன்னாசி குளம் அரித்த கதை

இன்னாசி தன் மனைவி அமுதாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் தேனி ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். ஆப்ரேஷன் அறைக் கதவு திறந்திருந்தது. நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லலாமென்று அவர் தொண்டையைச் செருமினார். அவள் முந்திக்கொண்டாள்.

"காலையில குளத்த அரிச்சீகளா?"

"அரிச்சேன்."

"பொய்."

பொய்தான். கதவு மூடிக்கொண்டது. நாற்பது வருசத்தில் ஒரு தடவையாவது அவளை ஏமாற்றிவிட வேண்டுமென்று ஆசைப்பட்ட மனுசன். கடைசி வாய்ப்பும் ஒரே சொல்லில் போயிற்று.

குளம் என்றால் ஊர்க்குளம் இல்லை. அனுமந்தன்பட்டியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால், குவைத்தில் இருக்கும் மகன் ஆண்டனி ராஜ் கட்டிவைத்த நீச்சல்குளம். பேத்தி பெனிஷா மே மாச லீவில் வந்து நீந்துவதற்காக. மற்ற மாசங்களில் அதில் நீந்துவது மாம்பூ. மரம் குளத்துக்கு நேர் மேலே நிற்கிறது. தை பிறந்தால் பூவும் தூளும் கொட்டி, பாலாடை மாதிரி தண்ணீரை மஞ்சளாக மூடிவிடும்.

ஒரு வருசம், தை மாசத்துக்குக் கொஞ்சம் முன்னால், இன்னாசி திராட்சைப் பந்தலில் ஏணியோடு சாய்ந்தார். முறிந்த எலும்பு கூடிவிட்டது. தோள் பூட்டிக்கொண்டது. வலது கை நெஞ்சுக்கு மேலே வர மாட்டேன் என்றது. கோயிலில் சிலுவை போட, இடது கைதான் வலது கையை நெற்றிக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். சட்டையை அமுதாதான் மாட்டிவிட்டாள். தினமும் நீட்டி மடக்காவிட்டால் கை இப்படியே நின்றுபோகும் என்று பிசியோதெரபிக்காரர் சொல்லி அனுப்பினார்.

"சுவத்துல விரல வச்சு மேல மேல ஏறணுமாம். நான் என்ன பல்லியா?"

"பல்லியா இருந்தா இந்நேரம் உச்சிக்குப் போயிருப்பீக" என்றாள் அமுதா. அதோடு விட்டுவிட்டாள்.

அவள் ஒன்றை அதோடு விட்டால் இன்னாசி பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

மறுநாள் காலை, குளம் அரிக்கிற நீள வலைக்கம்போடு வந்து நின்றாள். "எனக்கு இடுப்பு வலி, அரிக்க முடியாது. பேத்தி இதுலயே முங்கட்டும். சொறி வந்தா களிம்பு இருக்கு."

கம்பு இன்னாசி கைக்கு வந்துவிட்டது. எட்ட வேண்டும், நீட்ட வேண்டும், இழுக்க வேண்டும். ஒற்றைக் கையால் ஆகிற காரியமில்லை. முதல் நாள் ஒரு இழுப்புக்கு மூன்று முனகல். அமுதா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தாள்.

"அந்த மூலையில... இன்னும் எட்டி. அங்கன இல்ல, அதுக்கும் அங்கிட்டு!"

மாசி போயிற்று. பங்குனியும் பாதி போயிற்று. இன்று அரித்தால் நாளை மஞ்சள். பக்கத்துத் தோட்டத்து சுருளிராஜன் வேலியோரம் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, மரம் பூரா வடு தொங்குது. பூவு எங்கன இருக்கு, தூள் கொட்ட? இது பாசிண்ணே."

"பாசி பச்சையால்ல இருக்கும்?"

"மஞ்சப் பாசியும் உண்டு. தடவிப் பாருங்க, வழுக்கும்."

தடவினார். வழுக்கவில்லை. மோந்து பார்க்கலாமென்றால், கொரோனா வந்துபோனதிலிருந்து அவர் மூக்குக்கு மல்லிகைப்பூவும் கருவாடும் ஒன்றுதான். போகட்டும், திராட்சைக்காரனுக்கா மருந்து தெரியாது? கொடியில் பூஞ்சணம் பிடித்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும். குளத்துக்கும் அதே வைத்தியம். சொன்னால் அமுதா தடுப்பாள். அவள் பூசைக்குப் போன நேரம் பார்த்து, அரித்த மஞ்சளை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, சோதனைக்கு முதலில் ஒரு கரண்டி சுண்ணாம்பு போட்டார்.

வாளி செக்கச்செவேலென்று ஆனது.

மயில்துத்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கீழே வைத்தார். மஞ்சள்தூளில் சுண்ணாம்பு விழுந்தால் என்ன நிறம் வருமென்று, கல்யாணத்தன்று வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றிய நாளிலிருந்தே அவருக்குத் தெரியும்.

அமுதா பூசை முடிந்து, முக்காட்டை எடுக்காமலே பின்வாசலுக்கு வந்தாள்.

"ஏ புள்ள! இது மாம்பூவா, பாசியா, இல்ல ஒன் அஞ்சறைப் பெட்டியா?"

"மாம்பூ மாசியோட நின்னு போச்சு. ஒங்க கை அப்பப் பாதி தூரந்தான் வந்திருந்துச்சு."

"அதுக்காக? கொழம்புக்குப் போடுற மஞ்சள அள்ளிக் கொளத்துல தூவுவியா? ஒரு மனுசன இப்படியா முட்டாளாக்குவ?"

"கைய எங்கன வச்சுக்கிட்டுப் பேசுறீக?"

அப்போதுதான் கவனித்தார். கோபத்தில் எகிறிய வலது கை தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அதை எப்படிக் கீழே இறக்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.

அமுதா ஒரு செம்பில் அந்தச் சிவப்புத் தண்ணீரை மொண்டு, அவர் முகத்துக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றி மாமரத்தடியில் ஊற்றினாள். "எதுக்கு வீணாக்கணும்" என்றாள்.

"நாளையிலருந்து நான் அரிக்க மாட்டேன்" என்றார் இன்னாசி.

"வேணாம். நானே அரிச்சுக்கிறேன்."

மறுநாள் அரித்தாள். கம்பைத் தலைகீழாகப் பிடித்து, வலை ஆகாயத்தில் ஆட, வெறும் முனையால் தண்ணீரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் போய்க் கம்பைப் பிடுங்கினார்.

அவள் போய் இரண்டு தை வந்துவிட்டது. மாம்பூ உதிர்ந்து முடிந்தால் மஞ்சளும் முடிந்துவிடுகிறது. பிறகு தண்ணீர் தெளிவாகக் கிடக்கிறது. இன்னாசி அதையும் அரிக்கிறார். சட்டையை அவரே மாட்டிக்கொள்கிறார். வலது கை தலைக்கு மேலே முழுசாகப் போகிறது.