கட்டுமாவடியில் மிதந்த முட்டை

கட்டுமாவடிப் பக்கம் யார் மேல் போலீஸ் கேஸ் விழுந்தாலும் வக்கீலைத் தேட மாட்டார்கள். முட்டை வாங்கப் போவார்கள்.

அடிதடியா, வரப்புத் தகராறா, வலைத் திருட்டா? எல்லாவற்றுக்கும் முட்டைச் சாமியிடம் ஒரே வைத்தியம்தான். மாட்டியவன் பெயரை முட்டையில் கரியால் எழுதுவார். கண்ணாடி ஜாடித் தண்ணீரில் போடுவார். முட்டை மூழ்கும். "ஜெயில் தெரியுது!" கூட்டம் கலங்கும். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஜாடி வரும். அது 'கட்டுத் தண்ணி'. அதில் அதே முட்டை ஜம்மென்று மிதக்கும். "கேஸைக் கட்டிட்டேன்!" கொட்டகை அதிரும்.

சாமி சுத்த சைவம். காணிக்கை மட்டும் வஞ்சிர மீனாக இருக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கறுப்புக் கோட்டு நிழல் பட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். ஆகவே வக்கீல் பக்கமே போகக் கூடாது!

அன்று முன்வரிசையில் செல்வராணி. பக்கத்தில் புருஷன் வசந்தகுமார். மீன் ஏலத்தில் நடந்த கைகலப்பில் ஒருவனுக்கு மண்டை உடைந்திருந்தது. உடைத்தது வசந்தகுமார் இல்லை. ஆனாலும் புகாரில் அவன் பெயரும் இருந்தது. மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"முட்டையப் பையில வச்சுக்கிட்டுத் தனியாப் போ. என்ன கேட்டாலும் தலையாட்டு. நீட்டுற பேப்பர்லயெல்லாம் கையெழுத்துப் போடு. எழுத்து தானா அழிஞ்சுரும்" என்றார் சாமி.

"சரிங்க சாமி" என்றான் வசந்தகுமார்.

போன மாதம் இப்படித்தான் கண்ணுசாமி போனான். இன்னும் உள்ளேதான் இருக்கிறான். கேட்டால், "முட்டைய அவிச்சுத் தின்னுட்டான்" என்பார் சாமி. கூட்டமும் கண்ணுசாமியைத்தான் திட்டும்!

அப்போது கண்ணுசாமியின் மனைவி அழகம்மாளோடு உள்ளே நுழைந்தாள் சுடர்விழி. வசந்தகுமாரின் சித்தப்பா மகள். அறந்தாங்கியில் வக்கீல். வீட்டிலேயே வக்கீலை வைத்துக்கொண்டு முட்டைக்கு வரிசையில் நிற்கும் குடும்பம்!

"ஏண்ணே, ஸ்டேஷன்ல கூப்பிட்டதும் மொதல்ல எனக்குல்ல போன் பண்ணணும்? முன்ஜாமீனுக்கு மனுப் போட்டிருப்பேன்ல?"

"ஏய், வக்கீலே! வெளிய போ! கட்டு அவுந்துரும்!" என்று சாமி எழுந்தார்.

"கோட்டு வீட்ல கெடக்கு சாமி, பயப்படாதீங்க." கட்டுத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தாள். "மதினி, இங்கிட்டு வாங்க. நீங்களும் பாருங்க."

கருவாட்டுக்கு உப்புப் போட்டே கை வெந்துபோன செல்வராணி தொட்டு நக்கினாள். "அடப்பாவி! உப்பு!"

சுடர்விழி கைப்பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தாள். முட்டை மூழ்கிய முதல் ஜாடியில் கொட்டிக் கலக்கினாள். முட்டையைப் போட்டாள். மிதந்தது. மந்திரமும் இல்லை, வஞ்சிரமும் இல்லை.

"என் புருஷன உள்ள தள்ளுனது இந்த உப்புத் தண்ணிதானா?" என்று பாய்ந்தாள் அழகம்மாள்.

அவள் கொடுத்திருந்த புகாரோடு வாசலில் ஏட்டு நின்றார். "சாமி, ஒரு விசாரணை. ஸ்டேஷன் வரைக்கும் வாங்க."

சாமி முட்டையைத் தேடவில்லை. செல்போனைத் தேடினார். "எங்க வக்கீலக் கேக்காம ஒரு வார்த்தை பேச மாட்டேன் சார். எதுலயும் கையெழுத்தும் போட மாட்டேன்!"

"கேட்டுக்கிட்டீங்களாண்ணே?" என்றாள் சுடர்விழி.

வசந்தகுமார் ஜாடியிலிருந்து சொட்டச் சொட்ட முட்டையை எடுத்துச் சாமியின் கையில் வைத்தான். "வச்சுக்கங்க சாமி. தனியாப் போறப்ப ஒதவும்."

இத்தனை வருஷத்தில் சாமி சொன்ன ஒரே உருப்படியான வாக்கு, வக்கீலைக் கேட்காமல் பேச மாட்டேன் என்றதுதான். ஆனால் நாளெல்லாம் உப்பில் உழலும் ஊரில், அந்தத் தண்ணீரை ஒருவர்கூட ருசி பார்க்கவில்லையே! அடுத்த சாமி வராமலா போவான்? அவன் எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும், கும்பிடுவதற்கு முன்னால் ஒரு சொட்டு நக்கிப் பாருங்கள்.