கப்பல் டெய்லரின் நாலு கயிறு

தண்ணீரைக் கண்டு பயந்தவர்கள் திண்டிவனத்தில் எத்தனையோ பேர். தரையில் நிற்கும் படகைக் கண்டு பயந்தவர் கப்பல் டெய்லர் ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி அஞ்சலை அக்கா. அக்காவோ புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். நான் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே அவருடைய தையல் கடை, பின்னால் ஏரிக்கரை, கரையில் அவரே கட்டிய பாய்மரப் படகு. ரங்கூனில் கப்பல்களுக்குப் பாய் தைத்துவிட்டு வந்தவர். அங்கே எவனோ யோசிக்காமல் ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்க்க, பாய்மரம் சரிந்து கூட்டாளியின் கால் போயிற்றாம். அன்று பிடித்த பயம் திண்டிவனம் வரை கூடவே வந்துவிட்டது.

பாய்மரத்தை நாலு பக்கமும் கயிறுதான் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த நாலு கயிற்றையும் சரிபண்ணுவதே டெய்லரின் ஆயுள் வேலை. கழுத்தில் டேப்போடு வந்து, மரம் விழுந்தால் எட்டும் தூரத்துக்குப் படகைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போடுவார். அதற்குள் காக்கை உட்கார்ந்தாலும் விரட்டுவார்.

"எதிர்ப்பக்கம் கட்டு கெட்டியா இருக்கான்னு பாக்காம இந்தப் பக்கம் தொடாத! இங்க ஒரு விரக்கடை வுட்டா அங்க ஒரு விரக்கடை இழு!"

பிறகு மல்லாந்து படுத்து, ஒற்றைக் கண்ணால் மரம் நேராக நிற்கிறதா என்று பார்ப்பார். ரவிக்கை அளவில் கோட்டை விட்டாலும் விடுவார், இதில் விடமாட்டார்.

கயிறோ கற்றாழை நார். மழையில் நனைந்தால் விறைத்து இழுக்கும், வெயிலில் தொய்யும். ஐப்பசியில் ஏரி நிரம்பியதும் மழைக்குத் தளர்த்துவார், வெயிலுக்கு முறுக்குவார். இப்படியே தை வந்துவிடும். அதற்குள் தண்ணீரெல்லாம் வயலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அக்காவின் தாய்வீடு ஏரிக்கு அக்கரையில். ஒரே ஒரு தடவை படகில் போய் அங்கே இறங்க வேண்டும் என்பது அவள் ஆசை. "இன்னாக்கா, மாமாவோட கப்பல் எப்ப தண்ணி குடிக்கும்?" என்று தம்பிகள் வேறு கேலி பண்ணுவார்கள்.

"இன்னாங்க, இந்த வருசமாவது ஏத்திக்கினு போவீங்களா?"

"கயிறு அமையட்டும் புள்ள. உன்ன ஏத்திக்கினு போய் மரம் வுழுந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"கயிறு அமையறதுக்குள்ள ஏரி காஞ்சிடுதே!"

ஒரு வருஷம் நிச்சயமாகக் கிளம்புகிறார் என்று தெருவே கூடிவிட்டது. இடது கயிற்றைத் தான் தளர்த்தும்போது வலது கயிற்றைப் பிடித்துக்கொள்ள எங்கள் மண்டி வண்டிக்காரர் முனுசாமியை அழைத்தார். முனுசாமி பிறந்ததிலிருந்து வைக்கோல் பாரம் கட்டியவர். கயிறு கிடைத்தால் கை சும்மா இருக்குமா? தடியைச் செருகி முறுக்கினார். மரம் வளைந்தது.

"யோவ், வுடுய்யா!"

"இருங்க டெய்லரே, லோடு அசையக் கூடாதில்ல?"

இன்னொரு முறுக்கு. மடார்! முனுசாமி ஒரே தாவலில் வட்டத்துக்கு வெளியே விழுந்தார். டெய்லர் முறிந்த மரத்தைப் பார்க்கவே இல்லை. "பாத்தீங்களா? ஒருத்தருக்கும் அடியில்ல. வட்டம்னா வட்டம்!" என்று பூரித்துப்போனார். அக்கா மட்டும் வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

விழுப்புரத்திலிருந்து புதுச் சவுக்கு மரம் வந்து, நாலு கயிறும் அமைந்து, "ரெடி!" என்று அவர் கூவியபோது ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மரத்தை முறித்த குறுகுறுப்புத் தாங்காத முனுசாமி படகைத் தன் பாரவண்டியில் ஏற்றிக் கட்டினார், இந்தத் தடவை டெய்லர் சொன்னபடி. அக்கா புதுப்புடவையோடு படகில் உட்கார, பாய் விரித்து, காய்ந்த ஏரியின் நடுவே கப்பல் போயிற்று. டெய்லர் ஒரு கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடந்தார். தம்பிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிங்கடா. உங்க மாமா என்னப் பத்தரமா கொண்ணாந்துட்டாரு" என்றாள் அக்கா.

அந்தக் கோடையிலேயே விஷக்காய்ச்சலில் அக்கா போய்விட்டாள்.

ஐப்பசியில் ஏரி தளும்பியது. மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒருநாள், டெய்லர் தனியாகப் படகைத் தள்ளினார். டேப் இல்லை, வட்டம் இல்லை. தொய்ந்து கிடந்த கயிறுகளை அவர் தொடவே இல்லை. மரம் லேசாக ஆடியது, விழவில்லை. படகு நேரே அக்கரைக்குப் போய் நின்றது. அந்தத் தொய்விலும் அது போகும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அவருக்கும்தான்.

இன்றும் ஏரி நிரம்பிக் காற்று வீசினால், அந்தக் கடையைப் பார்த்து என் மனசு கத்துகிறது: "டெய்லரே, கயிறு போதும். அக்காவ ஏத்துங்க!"