அரசு அங்கீகாரம் பெற்ற சோகம்

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் தீபாவளி சீசன் முடிந்த கையோடு ஊர்க்காவலனுக்கு மனசு சரியில்லாமல் போயிற்று.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தரைச்சக்கரம் செய்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. காலையில் வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு வாயில் பாதி இட்லியோடு ஓடுகிற ஆள், இப்போது பாயிலேயே கிடந்து முகட்டைப் பார்த்தான். சோறு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. அவன் அம்மா சின்னத்தாய் திருநீறு பூசிப் பார்த்தாள், மிளகு ரசம் வைத்துப் பார்த்தாள், கடைசியாக வைதும் பார்த்தாள். ரசம் மட்டும் கொஞ்சம் உள்ளே போயிற்று.

இதே சமயத்தில், கிராமத்து இளைஞர்களின் உள்ளம் வாடிக் கிடக்கிறது என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? உடனே 'உள்ள மலர்ச்சித் துறை' என்று ஒரு துறை பிறந்தது. துறைக்கு ஒரு ஜீப், ஜீப்புக்கு ஒரு அதிகாரி. வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு வாய்த்த அதிகாரி லட்சுமிகாந்தம். ஊர் ஊராக 'இளைஞர் மனநல விழா' நடத்த வேண்டும் என்பது அவருக்கு வந்த உத்தரவு.

விழா என்றால் பேனர் வேண்டும். சிவகாசி அச்சக அதிபர் நவநீதகிருஷ்ணன் இலவசமாக அடித்துத் தருவதாகச் சொன்னார். அவர் 'சிரித்து வாழ்வோர் சங்க'த்தின் தலைவர். பெங்களூரில் போய் சிரிப்பதற்கு முறைப்படி பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். ஆனால் அது காலண்டர் ஆர்டர் குவிந்திருந்த நேரம். அவசரத்தில் ஒரு சுழி கூடிவிட்டது. 'இளைஞர் மணநல விழா, அனைவரும் வருக' என்று பேனர் வந்து சேர்ந்தது.

ஊரே திரண்டது. அரசாங்கம் இலவசமாகக் கல்யாணம் பண்ணி வைக்கிறதாம், தாலியும் பீரோவும் தருகிறதாம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள்கூட டிராக்டரில் வந்து இறங்கினார்கள். தாய்மார்கள் கையில் ஜாதகம் வைத்திருந்தார்கள்.

"இது கல்யாண விழா இல்லம்மா. மனசு சம்பந்தப்பட்டது" என்றார் லட்சுமிகாந்தம்.

"கல்யாணமும் மனசு சம்பந்தப்பட்டதுதான சார்?" என்றாள் ஒருத்தி.

அவர் வாயைத் திறந்தார். அப்போது பந்தலுக்கு வெளியேயும் கூட்டம் நிற்பது கண்ணில் பட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டார். வட்டாரத்தில் இனி நடக்கும் எல்லா விழாக்களுக்கும் மூன்று சுழியே நீடிக்கும் என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

மனநல டாக்டர் பணியிடம் காலியாக இருந்ததால் கால்நடை டாக்டரை அழைத்து வந்திருந்தார்கள். மனசு எல்லா உயிருக்கும் பொது என்று அவரே பேச்சைத் தொடங்கினார். கோலப் போட்டி நடந்தது. கயிறு இழுத்தார்கள். நவநீதகிருஷ்ணன் மேடையேறி, "கவலையா? கைதட்டிச் சிரிங்க! ஹா ஹா, ஹோ ஹோ!" என்று சிரித்துக் காட்டினார். பயந்துபோன கைக்குழந்தைகள் அழுதன.

பிறகு லட்சுமிகாந்தம் மைக்கைப் பிடித்தார். "மனசு சரியில்லாத இளைஞர்கள் கை தூக்கலாம்!"

ஒரு கையும் எழும்பவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் எவன் தூக்குவான்?

ஊர்க்காவலன் தூக்கினான். டாக்டர் வருகிறார் என்று நம்பி வந்தவன் அவன் ஒருவன்தான்.

சின்னத்தாய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏலே, கையக் கீழ போடுலே! ஊரே பாக்குது!"

அதற்குள் மாலையோடு ரெண்டு பேர் வந்துவிட்டார்கள். மேடைக்குத் தூக்காத குறையாகக் கொண்டுபோய்ச் சால்வை போர்த்தினார்கள்.

"சொல்லு தம்பி, எதனால சோர்வு?" என்றார் லட்சுமிகாந்தம்.

"தெரியல சார். காலையில எந்திரிக்கவே தோண மாட்டேங்குது."

லட்சுமிகாந்தம் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "தெரியலன்னா எப்படி? காதல் தோல்வி, பரீட்சைத் தோல்வி, குடும்பத் தகராறு. மூணுல ஒண்ணு சொல்லு. நாலாவதுக்கு எனக்கு உத்தரவு வரல."

"பரீட்சை எழுதி எம்புட்டோ நாளாச்சு சார். அம்மாகூடயும் தகராறு இல்ல."

"அப்ப காதல்தான்" என்று முடித்து, மைக்கிலும் அறிவித்துவிட்டார்.

கூட்டத்தின் நடுவிலிருந்து சின்னத்தாய் எழுந்தாள். "எவலே அவ?"

"எனக்கே தெரியாதும்மா!" என்று மேடையிலிருந்தே கத்தினான் ஊர்க்காவலன்.

பேரைச் சொல்லாமல் காப்பாற்றுகிறான் பாருங்கள் என்று கூட்டம் உருகிப் போயிற்று. ரெண்டு தாய்மார்கள் ஜாதகத்தை நீட்டினார்கள்.

விழா அமோக வெற்றி. ஆனால் மற்ற ஊர்களில் இன்னொரு சோர்வாளர் அகப்படவில்லை. எல்லாரும் ஒரே குரலில் "நல்லாருக்கோம் சார்" என்றார்கள். உள்ளம் வாடாத ஊரில் அதை மலர வைப்பது எப்படி? துறையின் உயிருக்கே ஆபத்து. யோசித்துப் பார்த்த லட்சுமிகாந்தம், ஊர்க்காவலனை எல்லா ஊர்களுக்கும் 'அயல் பணி' முறையில் அனுப்பினார். ஆவணங்களில் அவன் 'சோர்வுப் பயனாளி' என்று குறிக்கப்பட்டான். சவரம் செய்வது தடை செய்யப்பட்டது.

அவனும் போனான். ஊருக்கு ஊர் ஜீப், மாலை, சால்வை, மதியம் பிரியாணி. வீட்டில் சால்வை சேரச் சேர, சின்னத்தாய் அவற்றைத் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தாள். மாசி வெயிலில் ஆட்டுக்குட்டிகள்கூட ஜரிகை போட்டுத் திரிந்தன.

மேடையில் நடந்ததைவிட மேடைக்குப் பின்னால் நடந்ததுதான் விசேஷம். முதலில் வந்தவர் அவன் வேலை செய்கிற கம்பெனியின் போர்மேன் சங்கிலிமுத்து. அவர் அதட்டினால் வேனே நின்று போகும்.

"ஏலே ஊர்க்காவலா, யார்ட்டயும் சொல்லிராத. எனக்கும் அப்படித்தாம்லே இருக்கு. வீட்டுக்குப் போனா வாசல்லயே உக்காந்திருதேன். உள்ள போக மனசு வரல."

ஊர்க்காவலன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்கண்ணே" என்றான். அவர் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். பேசி முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல யாரையோ அதட்டியபடி போனார்.

அடுத்த ஊரில் பானுப்பிரியா வந்தாள். மத்தாப்பு டப்பா ஒட்டுகிறவள், வேனில் வாய் ஓயாமல் கேலி பேசுகிறவள். "வேனை விட்டு இறங்குனா பேச்சே வர மாட்டேங்குதுண்ணே" என்று சொல்லி விசும்பினாள். அப்புறம் டீக்கடைக்காரர் வந்தார். கால்நடை டாக்டர் வந்தார். நவநீதகிருஷ்ணன் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்தார். "வெளிய தெரிஞ்சா சங்கம் கலைஞ்சிரும் தம்பி" என்று தொடங்கி, தாம் உண்மையாகச் சிரித்து வெகுகாலம் ஆயிற்று என்று சொல்லி அழுதார். கடைசியில் ஒருநாள் ஜீப்பிலேயே லட்சுமிகாந்தம் ஆரம்பித்தார். டிரைவர் இருக்கிறாரே என்று தயங்கினார். "பரவால்ல சார், நான் நேத்தே சொல்லிட்டேன்" என்றார் டிரைவர்.

நமக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததும் ஊர்க்காவலனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் லேசாகத் தொடங்கியது. தூக்கம் வந்தது. ஒருநாள் காலையில் வேன் ஹாரன் அடித்ததும் தன்னையறியாமல் எழுந்து ஓடினான். ஓடிய பிறகுதான் அன்றைக்கு அயல் பணி என்பது ஞாபகம் வந்தது. அன்றைய மேடையில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத!" என்று பல்லைக் கடித்தார் லட்சுமிகாந்தம். "திட்டம் மார்ச்சுல முடியுது. அதுவரைக்கும் பொறுப்பா சோர்ந்து இரு."

"முடியல சார். சாமி சத்தியமா நல்லா இருக்கேன்."

"யாரைக் கேட்டு நல்லா ஆனே?"

மறைக்க முடியாமல் மேலிடத்துக்குத் தெரிவித்தார்கள். மேலிடமோ குதூகலித்தது. வட்டாரத்திலேயே சோர்வுற்றவன் ஒருவன், அவனும் தேறிவிட்டான், ஆகவே சோர்வு அடியோடு ஒழிந்தது. கணக்கு எவ்வளவு சுத்தம்! சிவகாசியில் பெரிய மண்டபம் பிடித்து நிறைவு விழா வைத்தார்கள். துறையின் மேலதிகாரி சொர்ணலட்சுமி அம்மையார் நேரில் வந்தார்.

"இங்கே வேறு யாருக்காவது மனசு சரியில்லையா? தயங்காமல் கை தூக்குங்கள்" என்றார்.

மேடையிலிருந்து ஊர்க்காவலன் பார்த்தான். சங்கிலிமுத்து மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பானுப்பிரியா பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளிக் கேலி பேசினாள். டீக்கடைக்காரர், டாக்டர், டிரைவர், லட்சுமிகாந்தம், எல்லாருடைய கைகளும் அவரவர் மடியில் பத்திரமாக இருந்தன.

"ஆகவே, இதைத் துக்கமில்லா வட்டாரமாக அறிவிக்கிறேன். இனி இங்கே இத்துறை தேவையில்லை!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். நவநீதகிருஷ்ணன் 'ஹா ஹா, ஹோ ஹோ' என்று தொடங்க, எல்லாரும் எழுந்து நின்று சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வெளியே வெடித்த பத்தாயிரம் வாலாச் சத்தமே கேட்கவில்லை.

மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று ஊர்க்காவலன் பின்பக்கக் கதவைத் திறந்தான். கதவிலிருந்து ஜீப் வரைக்கும் வரிசை நின்றது. முதல் ஆளாக சொர்ணலட்சுமி அம்மையார், முக்காடு போட்டுக்கொண்டு.

"தம்பி, ஒரு நிமிஷம் இருக்குமா?" என்றார் சின்னக் குரலில்.

ஊர்க்காவலனுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இம்புட்டுப் பேரு இருக்கீக! உள்ள கேட்டாகள்ல? அங்கன ஒரு கையத் தூக்கியிருந்தா என்ன?"

வரிசை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. அம்மையார்தான் எல்லாருக்கும் சேர்த்து மெதுவாகச் சொன்னார்:

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்களே, தம்பி."