மாப்பிள்ளையின் காருக்கு நான் பூசியவை

தாராவி, பம்பாய்-17
9-7-1986

கண்ணியமிகு சம்பந்தி ஜனாப் ஷேக் பரீத் அவர்களின் சமூகத்துக்கு நாகூர் கனி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், என் வீட்டார் ஹபீபா, மகள் நூர் நிஷா மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். மேலப்பாளையத்தில் தாங்களும் சம்பந்தி அம்மாவும் மற்ற சகலரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே ஒரு மாதமாக விடாமல் மழை. அங்கே இன்னும் வெயில் அடிப்பதாகக் கேள்விப்பட்டேன். வெயில் உள்ள ஊரில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்ரீத்துக்கு மறு வாரம் இங்கே பம்பாயில் என்று நாம் பேசி முடித்த கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். பதற வேண்டாம். என் மகளுக்கு ஒரு குறையும் இல்லை. தங்கள் மகன் சிராஜ் மாப்பிள்ளைக்கும் குறை இல்லை. குறையெல்லாம் காருக்கு.

மாப்பிள்ளை போன லீவில் செம்பூரில் வாங்கிய ஆகாய நீல ஃபியட் காரை, மார்ச் மாதம் ஜித்தாவுக்குத் திரும்பும்போது என் தோல் பட்டறை முற்றத்தில் விட்டுவிட்டுப் போனது தாங்கள் அறிந்ததே. "மாமா, கல்யாணத்தன்னைக்கு இந்தக் கார்லதான் மண்டபத்துக்கு வருவேன். வேற ஒரு ஆசையும் எனக்கு இல்ல. பெயிண்ட மட்டும் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, ஒரு டின் மெழுகு பாலிஷும் துடைப்பதற்கு ஒரு ஷாமித் தோலும் கொடுத்தார். வரதட்சணையாக ஒரு துரும்பு கேட்காத பிள்ளை கேட்டது இது ஒன்றுதான். அதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனுஷன் என்று அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன்.

முதல் தடங்கல் அந்த டின்னிலேயே ஆரம்பித்தது. அதன் மேல் முழுக்க அரபி எழுத்து. நான் துணியும் டின்னுமாக முற்றத்துக்கு இறங்கினேன், ஹபீபா வாசலில் மறித்தாள். "ஏங்க, அதுல ஓதுற எழுத்துல்லா இருக்கு. அதக் கொண்டு போயி டயர் பக்கத்துல தரையில வைக்கவா போறிய?" என்றாள். தங்களுக்கும் எனக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியும், பொருள் தெரியாது. பொருள் தெரியாதபோது பயம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. டின்னை அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றி, அலமாரியின் மேல் தட்டில் ஓதுகிற கிதாபுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான்கு மாதமாக வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு ஊதுபத்திப் புகை கிடைக்கிறது. காருக்கு மெழுகு கிடைக்கவில்லை.

சரி, வேறு எதைப் போடலாம் என்று விசாரித்தேன். பக்கத்துச் சந்தில் டாக்ஸி ஓட்டும் நம்ம ஊர் இசக்கி, "வேய் பாய், இதுக்குப் போயா யோசிக்கிறீரு? ஒரு பக்கெட் தண்ணியில ரெண்டு மூடி மண்ணெண்ணெய விட்டுத் தொடையும். சும்மா தகதகன்னு இருக்கும்லா" என்றான். அப்படியே செய்தேன். தகதகவென்றுதான் இருந்தது, அரை மணி நேரம். அதன் பிறகு தாராவியின் தூசி பூராவும் அந்தப் பிசுக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹபீபா அதைக் கண்டு சகிக்காமல், சட்டைக் காலர் துவைக்கிற சோப்புத் தூளைக் கரைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டாள். கார் சுத்தமாகிவிட்டது. ஆனால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் முகம் போல ஒரு வெளிறல்.

இந்த நேரம் பார்த்து மாட்டுங்கா வெங்கடராமன் சார் பை தைக்கக் கொடுக்க வந்தார். அணுசக்தி நகரில் இஞ்சினியர். சொந்தக் காரை வீட்டில் நிறுத்திவிட்டு ஆபீஸ் பஸ்ஸில் போகிறவர். கார் ஞாயிற்றுக்கிழமை கழுவுவதற்கு மட்டும். இவருக்குத் தெரியாதா என்று கேட்டேன். "சோப்புத் தூளா போட்டேள்? போச்சு! அது பெயிண்ட் மேல இருக்கற பசையெல்லாம் வழிச்சுண்டு போயிடும். கார் கழுவறதுக்குன்னே ஷாம்பு விக்கறான், ஆபரா ஹவுஸ் பக்கம் கிடைக்கும். நிழல்ல நிறுத்தி, மேலேர்ந்து கீழ கழுவி, காஞ்சப்பறம் மெழுகு. அவ்வளவுதான் கனி பாய்" என்றார். இதோடு நிறுத்தியிருந்தால் இன்று நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்திருக்காது. போகிற போக்கில், எனக்குப் புரியட்டும் என்று, "பெயிண்டும் ஒரு தோல் மாதிரிதான் பாய்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சம்பந்தி அவர்களே, முப்பத்தொரு வருஷமாகத் தோலோடு குடித்தனம் நடத்துகிறவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? எனக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. தோலைக் கழுவினால் அதன் பசை போகும். பசை போனால் எண்ணெய் ஊட்ட வேண்டும். எந்த எண்ணெய் என்று தீர்மானிக்க மாப்பிள்ளை கொடுத்த ஷாமித் தோலையே எடுத்து முகர்ந்து பார்த்தேன். செம்மறித் தோல், மீன் எண்ணெயில் பதனிட்டது, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். துடைக்கிற தோலுக்கே மீன் எண்ணெய் என்றால் துடைக்கப்படுகிற காருக்கு வேறென்ன? இரண்டு லிட்டர் மீன் எண்ணெயை, கூரை முதல் டிக்கி வரை, ஒரு இடம் விடாமல், உள்ளங்கையாலேயே தேய்த்து ஊட்டினேன். ஒரு ஆட்டுத் தோலுக்குக்கூட நான் அவ்வளவு பாசம் காட்டியதில்லை.

மறு நாள் காலையில் காரின் மேல் பதினொரு பூனைகள். இன்னும் வந்துகொண்டிருந்தன. தாராவியில் இத்தனை பூனை உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது. கூரையில் நான்கு நக்கின, பானெட்டில் ஆறு சண்டை போட்டன, முன் கண்ணாடியில் ஒன்று வழுக்கி விழுந்து விழுந்து ஏறியது. நக்கியதால் ஒன்றுமில்லை, நகத்தால்தான் வந்தது வினை. இசக்கி எட்டிப் பார்த்து, "என்ன வேய், மாப்பிள்ளைக்குக் காரா, மீன் மார்க்கெட்டா?" என்றான். அந்த வார்த்தை எனக்கு மூன்று நாள் தூக்கம் கெடுத்தது.

மீன் வாடை போக சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். வாடை முக்கால்வாசி போயிற்று. நிறம் கால்வாசி போயிற்று. இனி மெருகேற்றினால்தான் உண்டு என்று, தோலில் கடைசி மெருகுக்கு நாங்கள் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். முட்டை வெள்ளைக்கருவும் பாலும் கலந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மூன்று கை பூச்சு. மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு முட்டை. மஞ்சள் கருவை வீணாக்குவது பாவமில்லையா? ஒன்பது நாள் எங்கள் வீட்டில் அதே தொடுகறி, அதே ஹல்வா, அதே அப்பம். பட்டறை ஆட்கள் மத்தியானம் எங்கள் வாசலைக் கண்டாலே வேறு சந்து வழியாகப் போனார்கள்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். அந்த மே மாத வெயிலில் முட்டைப் பூச்சு காய்ந்து வந்தபோது, அல்ஹம்துலில்லாஹ், அப்படி ஒரு பளபளப்பை பம்பாய் கண்டதில்லை. அதில் முகம் பார்த்து நான் தாடி சீவினேன். தங்களுக்கு அனுப்பிய போட்டோ அன்று எடுத்ததுதான். தாங்கள்கூட, "காரைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறீர்கள்" என்று பதில் எழுதினீர்கள். அந்தப் போட்டோவில் நான் பானெட்டின் மேல் கை வைத்து நிற்பது போலத் தெரியும். வைக்கவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு அங்குலம் மேலே பிடித்திருந்தேன். இந்த ஒரு அங்குலப் பொய் இத்தனை நாளாக என் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

ஜூன் பிறந்தது, மழை பிறந்தது. முதல் மழையிலேயே கார் முழுக்க நுரை. நுரை அடங்கியதும் நாற்றம். நாற்றம் அடங்கியதும் பார்த்தால் நீலம் ஒரு இடம், வெள்ளை ஒரு இடம், இரண்டும் இல்லாதது ஒரு இடம். நூர் நிஷா குடையோடு வந்து நின்று பார்த்து, "அரே வாப்பா, பானெட்ல ஸ்ரீலங்கா தெரியுது" என்றாள். சிரித்தாளா இருமினாளா என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையில் தெரிகிறது. யாழ்ப்பாணம்கூட இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் எனக்கு புத்தி வந்து, அலமாரி டின்னை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். அவர் கண்ணாடி போட்டு முழுக்க வாசித்துவிட்டு, "கார் மெழுகு. வெயில்ல நிறுத்திப் பூசாதே, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைன்னு எழுதியிருக்கு. தாராளமா பூசலாம், இதுல என்ன இருக்கு?" என்றார். இனிப் பூச அங்கே பெயிண்ட் இருந்தால்தானே? டின் மறுபடியும் அலமாரிக்கே போய்விட்டது. கார் தார்ப்பாய்க்குள் போய்விட்டது.

குர்லாவில் பெயிண்ட் அடிக்கிறவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, மரியாதையாகத் திரும்ப மூடிவிட்டு, முழுக்கச் சுரண்டிப் புதிதாக அடிக்க வேண்டும், மழைக்காலத்தில் அடித்தால் காற்று ஈரத்தில் பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும், அக்டோபருக்கு முன் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவேதான் இந்த வேண்டுகோள். முஹர்ரம், ஸஃபர் இரண்டு மாதமும் நம் பக்கத்தில் கல்யாணம் வைக்கத் தயங்குவார்கள். அதையும் தாண்டி ரபீயுல் அவ்வலில் வைத்துக்கொண்டால் பெயிண்டும் காய்ந்திருக்கும், என் மானமும் பிழைத்திருக்கும். மாப்பிள்ளைக்கு மட்டும் உண்மையான காரணம் தெரிய வேண்டாம். என் முழங்கால் வலி என்று எழுதுங்கள். அது போதாது என்று தோன்றினால் தங்கள் முழங்காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசையாகக் கேட்ட ஒரே பொருளைக் காப்பாற்றத் தெரியாதவன் வீட்டிலா பெண் எடுக்கிறோம் என்று அந்தப் பிள்ளை ஒரு நிமிஷம் நினைத்துவிட்டால்கூட என் மகள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? உண்மையைச் சொன்னால், பயமாக இருக்கிறது.

பெண்ணைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் எழுதி முடிக்கிறேன். இங்கேயே பிறந்து இந்தியும் இங்கிலீஷுமாகப் படித்த பிள்ளை, தமிழ் வாசிக்கத் தெரியாதே, தங்கள் வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவாளோ என்று சம்பந்தி அம்மா கவலைப்பட்டார்கள் அல்லவா? நான்கு மாதமாக அவளாகவே தமிழ் எழுதப் பழகுகிறாள். தினமும் என்னிடம் வந்து, "வாப்பா, 'பூனை' எப்படி எழுதணும்? 'வெள்ளைக்கரு' எப்படி?" என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். சமையல் குறிப்பு என்று நினைக்கிறேன். பொறுப்பான பிள்ளை. வியாழக்கிழமை தோறும் தபாலாபீசுக்குக்கூட என்னை அலைய விடாமல் அவளே போய் வருகிறாள்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் ஸலாமும் சிறியவர்களுக்கு என் பிரியமும் சேரட்டும். தங்கள் துஆவையும், தங்கள் முழங்காலின் ஒத்துழைப்பையும் நாடும்,

நாகூர் கனி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இக்கடிதத்தை மடிக்கப் போகும் நேரத்தில் தபால்காரர் ஜித்தாவிலிருந்து ஒரு கவர் கொண்டு வந்தார். அனுப்பியவர் சிராஜ் மாப்பிள்ளை என்று கண்டதும் அவசரமாகப் பிரித்துவிட்டேன். யாருக்கு என்று பார்க்கவில்லை. பிரித்து வாசித்த பிறகுதான் பார்த்தேன், நூர் நிஷாவுக்கு. இது பதினாலாவது கடிதம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

"உங்க வாப்பா முட்டை அடிச்ச கடிதாசிய ரூம்ல எல்லாருக்கும் வாசிச்சேன். இப்பம்லாம் கார் கடிதாசி வந்துச்சான்னுதான் எல்லாவனும் கேக்கான். மாமாவ இனிமே எதையும் பூச விடாத. முக்கியமா அந்த டின்ன அவங்க கையில குடுத்துராத. கார் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். அதுலதான் மண்டபத்துக்கு வருவேன். எனக்கு ஸ்ரீலங்காவப் பாக்கணும். ஒரு காருக்கே இவ்வளவு பாடு படுற மனுஷன், உன்னய எப்படி வளத்திருப்பாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

சம்பந்தி அவர்களே, எனக்கு முதலில் கோபம் வந்தது. நிக்காஹ் ஆகாத பெண்ணுக்குக் கடிதமா என்று எழுந்தும் நின்றேன். கடைசி வரியைத் திரும்ப வாசித்ததும் உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் துடைக்கக் கையில் அகப்பட்டது அந்த ஷாமித் தோல்தான். நன்றாகத்தான் துடைக்கிறது.

ரபீயுல் அவ்வல் எல்லாம் வேண்டாம். இந்த மாதக் கடைசியிலேயே மாப்பிள்ளைக்கு லீவு ஆரம்பமாம், அதுவும் இந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. பக்ரீத்துக்கு முன்பே ஒரு நல்ல நாள் பாருங்கள். இவர்களை இப்படியே விட்டுவைத்தால் இன்னும் பதினாலு கடிதம் போகும், அதற்கு வேண்டிய தமிழையெல்லாம் நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். என் முழங்கால் நன்றாகவே இருக்கிறது.

நான் வாசித்தது தெரிந்தால் பிள்ளை வெட்கப்படுவாள் என்று, கவரைப் பழையபடி ஒட்டி அவளுடைய தையல் மெஷின் மேல் வைத்துவிட்டேன். வீட்டில் கோந்து இல்லாததால் பட்டறையில் செருப்புக்கு அடியட்டை ஒட்டுகிற பசையைப் போட்டேன். உள்ளே அவள் கத்தரிக்கோல் தேடும் சத்தம் கேட்கிறது.